எழுப்பிவிட்டுக் கை வை

மெஷினை ஓடவிட்டது யார் என்று ஊருக்கே தெரியும். அதை நிறுத்தியது யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

துப்பறியும் வேலையில் என் முதலாளியான கோகிலவாணி மேடம் கேட்டார். லாக்கப் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அந்தப் பக்கம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஜீவாவிடம் கேட்டார். அவன் தலையைத் தூக்கவே இல்லை.

"பச்சை லைட்டு எரிஞ்சுச்சு. அமுக்குனேன்."

போலீசிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறான். மேற்கொண்டு என்ன கேட்டாலும் வாயில் கொழுக்கட்டை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடியாத நேரத்தில் கோயமுத்தூரில் கிளம்பி, பர்லியாரில் ஆரம்பித்து நடுவட்டம் தாண்டியும் வளைந்து வளைந்து வண்டி ஓட்டி வந்தவன் நான். இவனுக்கு இரண்டு வாக்கியத்துக்கு மேல் பேச வலிக்கிறது.

நடந்தது இதுதான். நெல்லியாளம் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரி. அதில் ஜீவா மெஷின் ஆபரேட்டர். கொழுந்தை நசுக்கி அரைக்கிற இரும்பு ரோலரின் மூடியைத் திறந்து, மேஸ்திரி தங்கவேலு நேற்றுக் காலை உள்ளே கைவிட்டுச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஜீவா அந்தக் கோடியில், மேஸ்திரியை மெஷின் மறைக்கிற இடத்தில் இருக்கும் சுவிட்சை அமுக்கினான். தங்கவேலு தோள் வரைக்கும் உள்ளே போய்விட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

மூடி திறந்திருந்தால் அந்த மெஷின் ஓடவே கூடாது. மூடிக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு கண் வைத்திருக்கிறார்கள். மூடியைத் தூக்கினால் அது பார்த்துச் சொல்லும், சுவிட்ச் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும், மோட்டார் மறுத்துவிடும். நேற்றே போலீஸ் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டது. மெஷினை ஓட்டினார்கள், நிறுத்தினார்கள், மூடியைத் தூக்கினார்கள், சுவிட்சை அமுக்கினார்கள். அசையவில்லை. அப்படியானால் ஜீவா கண்ணை எதையோ வைத்து மறைத்துவிட்டுத்தான் அமுக்கியிருக்கிறான் என்பது இன்ஸ்பெக்டரின் கணக்கு. காரணமும் கையில் இருந்தது. தேயிலைக்கு விலை விழுந்ததிலிருந்து ஃபேக்டரியில் முறை வைத்துத்தான் வேலை. முறை போடுவது தங்கவேலு. அவர் ஜீவாவின் அம்மா பொன்னாயிக்கு வேலை இல்லை என்று சொன்னதற்கு, பையன் எல்லோர் முன்னாலும் அவர் சட்டையைப் பிடித்திருக்கிறான்.

சாயங்காலம் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போவதாகவும், பிரிவு கொலை என்றும் இன்ஸ்பெக்டர் சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை. "கண்ணுல குறைன்னு அதைச் செஞ்சவன் வந்து எழுதிக் கொடுக்கட்டும். பையனை இப்பவே விட்டுடறேன். ஆனா செஞ்சவனே நேத்து போன்ல, கண்ணு சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டானே," என்றார்.

செய்தவன் வேறு யாருமில்லை. எங்களிடம் கேஸ் கொடுத்த கட்சிக்காரர். ஜீவாவின் கூடப் பிறந்த அண்ணன் சுரேந்திரன்.

ஆபீஸ் மாடிப்படியில் நேற்று உட்கார்ந்து அழுதவர் அவர்தான். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம், தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் வளர்ந்து படித்து, கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவர். இந்த ஃபேக்டரி கரண்ட் செலவில் மூடும் நிலைக்கு வந்தபோது, விசிறி, பெல்ட், விளக்கு எல்லாவற்றையும் ஒரு சின்ன கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அடக்கிக் காப்பாற்றிக் கொடுத்ததும் அவர்தான். மேனேஜர் போலீஸ் முன்னாலேயே போன் போட்டு, கண்ணில் ஏதாவது கோளாறா என்று கேட்டிருக்கிறார். இவர் இல்லை என்றிருக்கிறார். அப்போது தம்பியைப் பிடிக்கப் போகிறார்கள் என்று தெரியாதாம். "என் தம்பி கொலைகாரன் இல்லைங்க. அதை மட்டும் நிரூபிச்சுக் குடுங்க," என்று மேடம் காலில் விழப் போனார்.

ஃபேக்டரிக்குப் போனோம். கூடவே எட்மண்ட் என்ற கான்ஸ்டபிளை அனுப்பினார் இன்ஸ்பெக்டர். ஸ்டேஷனுக்குள் வராமல் எங்கள் வண்டியிலேயே உட்கார்ந்திருந்த சுரேந்திரன், அம்மாவைப் பார்த்துவிட்டு வருவதாக லைன் வீட்டுப் பக்கம் இறங்கிக்கொண்டார்.

மழை தூறிக்கொண்டிருந்தது. டவுன்ஹாலில் பேரம் பேசி வாங்கிய என் புதுக் குடையை விரித்தேன். மான் கொம்பு மாதிரி கைப்பிடி. மேடம் அதைப் பார்த்துவிட்டு, நல்ல குடை என்றார். அவர் என்னிடமுள்ள எதையாவது பாராட்டினால் அதற்கு ஆயுசு கம்மி. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மேனேஜர் ஆறுச்சாமி பொள்ளாச்சிக்காரர். குல்லாயைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, யாரோ அடிக்கப் போவதுபோல் தள்ளியே நின்றார். கொழுந்து வாட்டும் தொட்டிகள் எல்லாம் காலி. போன வருஷம் மூட்டைக்கு மேல் மூட்டையாக வந்த இடமாம். இப்போது விலை இல்லாமல் பாதித் தோட்டத்தில் கொழுந்து பறிப்பதே இல்லை. காலையில் ஒரு ஜீப் கொழுந்து வந்தால் மத்தியானம் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்றார்.

ரோலர் மெஷினைக் கழுவியிருந்தார்கள். தரை இன்னும் காயவில்லை. மேடம் மூடி இடுக்கில் குனிந்து பார்த்தார். அவர் மூக்குக்கண்ணாடிக் கூடு நழுவி உள்ளே விழுந்துவிட்டது. ஆறுச்சாமி மூடியைத் தூக்கி, சட்டையைச் சுருட்டிக்கொண்டு கையை விட்டார்.

"பார்த்துங்க," என்றேன்.

"கண்ணு இருக்குதுங்க தம்பி. மூடி தொறந்திருந்தா எமனே வந்து அமுக்கினாலும் ஓடாதுங்க," என்று சொல்லிக்கொண்டே கூட்டை எடுத்துக் கொடுத்து மூடியைச் சாத்தினார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது.

வாசலில், கொழுந்து நிறுக்கும் மேடையில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கருப்பம்மா. தங்கவேலுவின் மனைவி. ஆஸ்பத்திரியிலிருந்து உடல் இந்த வழியாகத்தான் வர வேண்டும், வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை என்று விடிந்ததிலிருந்து அங்கேயே இருக்கிறார். நேற்று அவர் தூள் சலிக்கும் பக்கம் நின்றிருக்கிறார். எல்லாம் கண்ணெதிரே நடந்திருக்கிறது. நான் என் வாயை மூடிக்கொண்டேன். எல்லா இடத்திலும் அரட்டை அடிக்க முடியாது.

மேடம் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டார்.

"யாரும் நிறுத்தலங்கம்மா. அவரு கத்துனாரு. நான் ஓடுறதுக்குள்ள தானா நின்னுருச்சு. அந்தப் பய அந்தக் கோடியில சுவிச்சுல வச்ச கையோட அப்படியே நின்னான்."

பிறகு கேட்காமலே ஜீவாவைப் பற்றிச் சொன்னார். அவன்மேல் அவருக்குக் கோபம் இருந்தது. ஆனால் குழப்பமும் இருந்தது. அவன் பயந்தாங்கொள்ளியாம். மூடியைத் திறப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தரமும் அந்தக் கோடிக்குப் போய், ரோலர் ஒரு துளி அசைகிற மாதிரி சுவிட்சை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருவானாம். மாமியார் வீட்டுக்குப் போகிறவன் மாதிரி கதவைத் தட்டிவிட்டுப் போகிறான் பார் என்று எல்லோரும் கேலி செய்வார்களாம். "எங்க வீட்டுக்காரருகூட ஏன்டா தட்டுறேன்னு கேட்டாரு. சும்மா பழக்கம்னு சிரிச்சான்," என்றார்.

மேடம் எழுந்து வந்தார். நடையில் வேகம் கூடியிருந்தது.

"கண்ணை மறைச்சிருந்தா மெஷின் தானா நின்னிருக்குமா தரணி?"

நான் யோசித்தேன். மறைத்த கண்ணுக்கு மூடி திறந்திருப்பது தெரியாது. தெரியாவிட்டால் நிறுத்தாது. நின்றிருக்கிறது என்றால் கண் பார்த்திருக்கிறது. அப்படியானால் ஜீவா எதையும் மறைக்கவில்லை. ஆனால் கண் பார்த்துக்கொண்டிருந்தால் மெஷின் கிளம்பியதே எப்படி?

"தாமதமாப் பார்த்திருக்கு," என்றார் மேடம்.

துப்பறிய வருவதற்கு முன்னால் மேடம் பெங்களூரில் டிரைவர் எழுதிக்கொண்டிருந்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில், டிரைவர் என்றால் நான் ஓட்டுவேன், நீங்கள் எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒரு கருவியிடம் எப்படி வேலை வாங்க வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுக்கிற புரோகிராமுக்கு அதுதான் பெயராம்.

அந்த நேரம் சுரேந்திரன் வந்து சேர்ந்தார். அழுது முகம் வீங்கியிருந்தது. கண் எப்படி வேலை செய்கிறது என்று மேடம் கேட்க, அவர் விளக்க ஆரம்பித்தார். கேட்டுக்கொண்டே குனிந்த மேடத்தின் கண்ணாடிக் கூடு மறுபடியும் உள்ளே விழுந்தது. வயசாகிவிட்டது, கூட்டுக்கு ஒரு கயிறு கட்டித் தருகிறேன் என்று நான் முணுமுணுத்தேன். சுரேந்திரன் சுற்றிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போனார். ரோலர் ஒருமுறை குலுங்கியது. திரும்பி வந்து மூடியைத் தூக்கி, கூட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, மூடியைச் சாத்தினார்.

மேடம் நன்றி சொல்லிவிட்டு எல்லோருக்கும் டீ கேட்டார்.

உடல் வரப்போகிற இடத்தில் டீயா என்று எனக்கே கூச்சமாக இருந்தது. எட்மண்ட்கூட ஒரு மாதிரி பார்த்தார். மேடம் அசையவில்லை. யாரும் மெஷினைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, ஆறுச்சாமியிடம் தேயிலை ஏலம், மழை, அவர் பெண் மனிஷாவின் காலேஜ் என்று பேசிக்கொண்டே போனார். எங்கள் டம்ளர்கள் காலியாகிவிட்டன. சுரேந்திரன் தொடாத டீ ஆறி, ஏடு படிந்துவிட்டது. அவர் பார்வை ரோலரை விட்டு நகரவே இல்லை. நாலைந்து தடவை எழுந்திருக்கப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் மேடம் அவரிடம் ஏதாவது கேட்டு உட்கார வைத்தார்.

கடைசியில் மேடமே எழுந்து போய் மூடியை மெதுவாகத் தூக்கினார்.

"தரணி, குடை."

"மேடம், இது புதுசு."

"தெரியும்."

கைப்பிடியை ரோலர்களுக்கு நடுவில் செருகிவிட்டு எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். எட்மண்டிடம் சுவிட்ச் பக்கத்தில் என்ன விளக்கு எரிகிறது என்று கேட்டார்.

எட்மண்ட் உற்றுப் பார்த்தார். "பச்சைங்க மேடம். மூடி தொறந்திருக்கு, ஆனா பச்சைதான் எரியுது."

"அமுக்குங்க."

ரோலர் கிளம்பியது. என் குடை ஒரு சத்தம் போட்டு உள்ளே போனது. கம்பியும் துணியுமாக நசுங்கி, பாதி போவதற்குள் மெஷின் தானாக நின்றது. பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது. குடைக்காக வருத்தப்பட எனக்கு மனசு வரவில்லை. நேற்று அந்த இடத்தில் ஒரு மனுஷர் தோள் இருந்தது. வாசலில் கருப்பம்மா எழுந்து நின்றிருந்தார்.

மேடம் எட்மண்டுக்குப் புரியும்படி சொன்னார். "வேலை இல்லாத கருவியைத் தூங்க வச்சா கரண்ட் மிச்சம். விசிறியைத் தூங்க வைக்கலாம், பெல்ட்டைத் தூங்க வைக்கலாம். சுரேந்திரன் காவல்காரனையும் சேர்த்துத் தூங்க வச்சுட்டார். சுவிட்சை அமுக்கினா பெட்டி கண்ணை எழுப்புது. ஆனா எழுந்துதான்னு பார்க்கக் காத்திருக்கல. அது தூங்கறதுக்கு முன்னாடி கடைசியாப் பார்த்ததை வச்சு மோட்டாரை விட்டுடுது. கடைசியாப் பார்த்தப்ப மூடி சாத்தியிருந்துச்சு. கண்ணு முழிச்சு, மூடி திறந்திருக்குன்னு சொல்றதுக்குள்ள ஆள் உள்ள போயாச்சு."

கொழுந்து விடாமல் வந்த நாளில் அந்தக் கண்ணுக்குத் தூங்க நேரமே இருந்திருக்காது. விலை விழுந்த பிறகுதான் ஒரு ஜீப்புக்கும் அடுத்த ஜீப்புக்கும் நடுவில் அது தூங்க ஆரம்பித்திருக்கிறது. போலீஸ் முதலில் மெஷினை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சோதித்தது. ஓட்டியபோதே அதை எழுப்பிவிட்டார்கள். எழுந்த கண் சரியாகத்தான் பார்க்கும்.

ஆறுச்சாமி சுவரில் சாய்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் முன்னால் அதே இடத்தில் விட்ட கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். எட்மண்ட், அப்படியானால் பையன்மேல் குற்றமில்லை என்று இன்ஸ்பெக்டருக்கு போன் போடப் போனார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஒரு குடை போனால் போகட்டும், ஒரு உயிர் வெளியே வருகிறது. கேஸ் முடிந்தது, இருட்டுவதற்குள் ஊட்டியைத் தாண்டிவிடலாம் என்று சாவியை எடுத்தேன்.

சுரேந்திரன் கையெடுத்துக் கும்பிட்டார். இப்படி ஒரு குறை இருக்கும் என்று தனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்றார்.

"தெரியாதா?" என்றார் மேடம். "என் கண்ணாடிக் கூடு ரெண்டு தடவை விழுந்துச்சு. மேனேஜர் நேரா கையை விட்டார். நீங்க போய் ஒரு தட்டுத் தட்டிட்டு வந்து கையை விட்டீங்க. எழுப்பிவிட்டுக் கை வச்சீங்க."

சுரேந்திரனின் பார்வை மறுபடியும் ரோலருக்குப் போனது.

"நீங்க இங்க வேலை செய்யறவர் இல்லை. இந்த ஃபேக்டரியில இன்னும் ஒருத்தருக்குத்தான் அந்தப் பழக்கம். அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது சுரேந்திரன்?"

மேடத்தோடு இத்தனை வருஷம் சுற்றியும் எனக்கு அந்தக் குலுக்கல் கண்ணில் பட்டும் மண்டையில் ஏறவில்லை. கயிறு கட்டித் தருகிறேன் என்று ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன். என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

சுரேந்திரன் கீழே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். பொங்கலுக்கு வந்தவர் சும்மா இருந்த மெஷினைத் திறந்து பார்த்திருக்கிறார். யாரோ சுவிட்சைத் தொட, சட்டைக் கை மாட்டி, கிழித்துக்கொண்டு தப்பியிருக்கிறார். தப்பு எங்கே என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. திருத்தின புரோகிராம் லேப்டாப்பில் தயாராகவும் இருக்கிறது. ஆனால் அதைப் பெட்டியில் ஏற்ற வேண்டுமென்றால் முதலில் போட்டது தப்பு என்று மேனேஜரிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். மற்ற ஃபேக்டரிகளுக்கும் அவரைச் சிபாரிசு செய்வதாக ஆறுச்சாமி சொல்லியிருந்த நேரம். சீசன் வந்து கொழுந்து வர ஆரம்பித்தால் கண் தூங்காது, அதற்குள் ஏதாவது சாக்குச் சொல்லி மாற்றிவிடலாம் என்று தள்ளிப்போட்டுவிட்டார். தம்பிக்கு மட்டும் தட்டிவிட்டுக் கை வைக்கக் கற்றுக்கொடுத்தார்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டேங்க," என்றார்.

ஜீவாவின் வாயில் இருந்தது கொழுக்கட்டை இல்லை. நான் ஸ்டேஷனில் அவனை மனசுக்குள் திட்டினதெல்லாம் நினைவுக்கு வந்தது. தான் தட்டாமல் ஒருநாளும் கை வைக்காத பயல், மறுபக்கம் தங்கவேலு கைவிட்டிருப்பது தெரியாமல் பச்சை விளக்கை நம்பி அமுக்கியிருக்கிறான். கொலைப் பழி வந்த பிறகும் அண்ணனைக் காட்டிக் கொடுக்கவில்லை.

"பாதி உண்மையைக் கண்டுபிடிக்க எங்களைக் கூட்டிட்டு வந்தீங்க," என்றார் மேடம். "மீதியை நீங்கதான் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுக்கணும்."

கருப்பம்மா எப்போது உள்ளே வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. சுரேந்திரன் முன்னால் வந்து நின்றார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

"எங்க வீட்டுக்காரரு கேட்டாரு தம்பி. ஏன்டா தட்டுறேன்னு வாயைத் தொறந்து கேட்டாரு," என்றார். "எழுப்பிவிட்டுக் கை வைன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?"

சுரேந்திரன் அவர் காலைத் தொடக் குனிந்தார். கருப்பம்மா காலை இழுத்துக்கொண்டு வாசலுக்கே திரும்பிப் போனார்.

சுரேந்திரனை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினோம். எதிரே ஆம்புலன்ஸ் வந்தது. வளைவில் ஒதுக்கி வழி விட்டேன். பின் சீட்டில் சுரேந்திரன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு விசும்பினார்.

எழுதிக் கொடுக்க அதிக நேரம் ஆகவில்லை. இன்ஸ்பெக்டர் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, நேற்று போனில் இதைச் சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். லாக்கப்பைத் திறந்து ஜீவாவை வெளியே விட்டார்கள். அண்ணன் கையில் பேனாவோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "ஏண்ணே," என்றான். சுரேந்திரன் நிமிரவில்லை.

வெளியே தூறல் நின்றிருந்தது. பொன்னாயி காத்துக்கொண்டிருப்பார், வீட்டில் விட்டுவிடுகிறேன் என்று வண்டிக் கதவைத் திறந்தேன். ஜீவா ஏறவில்லை. தங்கவேலு மாமாவைக் கொண்டுவந்துவிட்டார்களா என்று கேட்டான். ஆம்புலன்ஸ் அப்போதே போய்விட்டது என்றேன்.

"அங்க போகாதே. உன்னை அடிச்சே போட்டுருவாங்க," என்றேன்.

"கேட்டாருண்ணா, நான்தான் சிரிச்சேன்," என்று சொல்லிவிட்டு, தங்கவேலுவின் லைன் இருக்கும் மேட்டைப் பார்த்து நடந்தான். மேடம் என்னைப் பார்த்தார். வண்டியைத் திருப்பி, விளக்கைப் போட்டு, அவன் பின்னாலேயே மெதுவாக ஓட்டினேன்.